இருட்டைத் தேடுபவர்களுக்கு ஸ்பியரெக்ஸ் படக் கிடங்கு எப்படி?

நாசாவின் ஸ்பியரெக்ஸ் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி 2025 மார்ச்சில் மேலே போனது. அது எடுக்கும் படங்கள், எடுத்த 60 நாளுக்குள் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகம் நடத்தும் இர்ஸா என்ற வானியல் தரவு இணையதளத்தில் எல்லாருக்கும் திறந்துவிடப்படுகின்றன. காசு கிடையாது, கணக்கு தொடங்கச் சொல்லும் நச்சரிப்பும் இல்லை.

இயற்பியல் வாத்தியாரான எனக்கு அதில் வேண்டியது ஒன்றுதான்: விண்மீன் திரள்களுக்கு நடுவே கருப்பாகத் தெரியும் இடத்தில் மிச்சமிருக்கும் மங்கல் ஒளி. தனியே பிரித்துப் பார்க்க முடியாத திரள்கள், திரளிலிருந்து பிய்ந்து அலையும் விண்மீன்கள் என எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. திரள்கள் எப்படி உருவாகி வளர்ந்தன என்பதை ஒவ்வொன்றாக எண்ணாமல், மொத்த ஒளியை வைத்தே கணக்குப் போடலாம். அந்த ஒளி வானில் இடத்துக்கு இடம் காட்டும் ஏற்ற இறக்கம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் என்று சைபர் என்ற சிறு ராக்கெட் சோதனை 2014இல் சொன்னது. அதை நடத்திய ஜேமி பாக் என்பவர்தான் ஸ்பியரெக்ஸுக்கும் தலைவர்.

தளத்தில் தேடுவது சுலபம். கோப்புகள் ஒவ்வொன்றும் பல பத்து எம்பி. ஆனால் வேண்டிய துண்டை மட்டும் வெட்டி வாங்கலாம். என் வீட்டு இணையத்துக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

கோப்பைத் திறந்தால் படம், பழுதான பிக்சல்களின் குறி, பிழை அளவு, அப்புறம் 'ஸோடி' என்று ஓர் அடுக்கு. நம் சூரியக் குடும்பத்துத் தூசியில் பட்டுச் சிதறும் வெயிலின் மாதிரிக் கணக்கு அது. படத்திலிருந்து அதைக் கழிக்காமல் தனியாகவே கொடுத்திருக்கிறார்கள். சரியான முடிவு. நாம் தேடும் ஒளியைவிடத் தூசியின் ஒளி பல மடங்கு பிரகாசம். மாதிரியில் சிறு பிசகு வந்தாலும் விஷயமே காணாமல் போய்விடும். யாரோ கழித்துத் தந்ததை நம்பி உட்காருவதைவிட, நாமே கழித்துப் பார்ப்பது மேல். கழித்தாலும் தலைவலி தீராது. 1.083 மைக்ரான் அலைநீளத்தில் பூமியின் மேல்வளிமண்டல ஹீலியம் ஒளிர்கிறது. ஒளியைப் பதிவு செய்யும் ஆறு டிடெக்டர்களில் முதலாவதன் படத்தில் அது பட்டையாக விழும்.

புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் வேறு. ஒரு படம் ஒரே நிறத்தில் இருக்காது. டிடெக்டருக்கு முன்னாலுள்ள வடிகட்டி உள்ளே விடும் அலைநீளம் இடத்துக்கு இடம் மாறுவதால், மேல் ஓரம் ஓர் அலைநீளம், கீழ் ஓரம் இன்னொன்று. ஆக, ஒரே புள்ளிக்கு 0.75 முதல் 5 மைக்ரான் வரையிலான 102 நிறங்களும் வேண்டுமென்றால் ஏகப்பட்ட கோப்புகளைச் சேர்க்க வேண்டும். பைத்தான் நிரல்மொழி தெரியாதவர்களுக்கு இது சரிப்படாது.

திரள்களின் அழகுப் படம் தேடுபவர்களும் வேறு கடை பார்க்கலாம். தொலைநோக்கியின் விட்டமே 20 செ.மீ.; ஒரு பிக்சல் 6.2 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 3600ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட்). பின்னணி ஒளிக்கு இது குறையே இல்லை, அகலமான வானம்தான் முக்கியம்.

நான்கரை நட்சத்திரம் கொடுப்பேன். முயல்பவர்கள் கிரகணத் தளத்தின் (பூமி சூரியனைச் சுற்றும் தளம்) வடதுருவத்தில், டிராகோ விண்மீன் கூட்டத்தின் பக்கம் தொடங்குங்கள். அங்கே தூசி ஒளி குறைவு; செயற்கைக்கோள் திரும்பத் திரும்பப் பார்க்கும் இடமும் அதுதான். பூனைக்கண் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகம் குறுக்கே வரும், அதன் பிக்சல்களை மறக்காமல் மறைத்துவிடுங்கள்.