88,500 ரூபாய் போச்சு. முதலீடு வாங்கித் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கட்டிவிடாதீர்கள்

இன்னும் கை நடுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது போனதுதான் என்று முந்தாநாள்தான் உறுதியானது. 88,500 ரூபாய். புகார் கொடுத்திருப்பதால் பெயர் சொல்லப் போவதில்லை. பெண் தொழில்முனைவோருக்கு முதலீட்டாளர்களைப் பிடித்துத் தருவதாகச் சொல்கிற ஒரு இணையதளம், அவ்வளவுதான். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

எனக்குக் கொடைக்கானல் மலையில் பூம்பாறைப் பக்கம். மலைப்பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் எங்கள் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டை மூட்டையாகத்தான் இறங்குகிறது, அங்கே வியாபாரி வைப்பதுதான் விலை. இதிலிருந்து கொஞ்சமாவது வெளியே வரலாம் என்று மூன்று வருடமாகத் தொக்கு, தேன்பூண்டு, பூண்டுப் பொடி என்று செய்து விற்கிறேன், உரிப்பதற்கு ஆறு பெண்கள் வருகிறார்கள். மழை பிடித்தால் இங்கே துணியே காயாது, பூண்டு எங்கே காய்வது? உலர்த்தும் இயந்திரம், பாக்கெட் போடும் இயந்திரம், ஒரு சின்ன ஷெட், எல்லாம் சேர்த்து 25 லட்சம் தேவைப்பட்டது.

முதலில் வங்கிக்குத்தான் போனேன். மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" இரண்டாவது, "அவர் பேர்ல நிலம் இருக்கா?" சிறுதொழிலுக்கான முத்ரா கடனுக்குப் பிணை கிடையாதே சார் என்றேன். சிரித்துவிட்டு, அடுத்த வாரம் அவரையும் கூட்டிக்கொண்டு வாங்க என்றார்.

அந்தச் சூட்டோடு சூடாக அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. படிவம் நிரப்பி ஒரு மணி நேரத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள், மதுரைப் பேச்சு. எத்தனை கிலோ உரிக்கிறீங்க, ஒரு பாட்டிலுக்கு என்ன அடக்கம், திரும்ப வாங்குறவங்க எத்தனை பேர் என்று நாற்பது நிமிடம் என் தொழிலைப் பற்றி மட்டுமே கேட்டாள். வீட்டுக்காரர் பேச்சே வரவில்லை. நானாகத்தான் வங்கிக் கதையைச் சொன்னேன். "இதுக்காகத்தான்க்கா நாங்க இதை ஆரம்பிச்சதே" என்றாள். அங்கே விழுந்தவள்தான் நான். மூன்று வருடத்தில் என் கணக்கு நோட்டை மதித்துக் கேள்வி கேட்ட முதல் ஆள் ஒரு திருடி என்பதுதான், பணத்தைவிட, இப்போதும் வயிற்றை எரிக்கிறது.

முதலில் பதிவுக் கட்டணம் 5,900. அப்புறம் பிட்ச் டெக் (முதலீட்டாளருக்குக் காட்டும் தொழில் விளக்கப் படம்), மதிப்பீட்டு அறிக்கை என்று 35,400. வீட்டில் சிக்னல் நிற்காது என்பதால் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், மூடுபனியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வீடியோ காலில் "முதலீட்டாளர்" ஒருவரிடம் பேசினேன். நான்கு நாளில் டெர்ம் ஷீட், அதாவது முதலீட்டு நிபந்தனைகள் எழுதிய தாள், வந்தது: 25 லட்சம், 12 சதவீதப் பங்கு, முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. குழந்தை வேலப்பர் கோயிலில் அர்ச்சனை செய்தேன், வேறென்ன சொல்ல. மறுநாள் "டியூ டிலிஜென்ஸ்", அதாவது என் தொழிலைச் சரிபார்க்கும் கட்டணம் என்று 47,200 கேட்டார்கள். 25 லட்சம் வரும் இடத்தில் இது என்ன என்று மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கட்டினேன். ஆக 88,500. குழுத் தவணை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

அதன் பிறகு ஆரம்பித்த சாக்குப்போக்கு இருக்கிறதே! சார் துபாய் போயிருக்கிறார். மார்ச் முடியட்டும். உங்கள் ஃபைல் சட்டப் பிரிவில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் எண் அணைந்தே கிடந்தது, வேறு ஒருவன் எடுத்து "மேடம்" என்றான், அக்கா எல்லாம் போய்விட்டது. நான் சத்தம் போட்டதும், நீங்கள் கட்டியது ஆலோசனைக் கட்டணம், முதலீட்டுக்கு நாங்கள் உத்தரவாதம் தரவில்லை, ஒப்பந்தத்தில் 14-வது பத்தியைப் படியுங்கள் என்றான். படித்தேன். இருக்கிறது, எறும்பு எழுத்தில். வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். ஒவ்வொரு ரசீதிலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டு வாங்கினார்களே என்று அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் தேடினால், ரத்தான பதிவு. இதைக் கட்டுவதற்கு முன்னால் பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தாயிற்று. பணம் போன உடனே சொல்லியிருந்தால் அந்தக் கணக்கை முடக்கப் பார்த்திருக்கலாம் என்றார்கள். நான் மூன்று மாதம் "சார் துபாயில்" என்பதை நம்பிக்கொண்டிருந்தேன்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை, பூண்டு லோடு ஏற்ற ஆள் வந்து நிற்கிறது. சுருக்கமாக: முதலீடு செய்கிறவன் உங்களிடம் முன்பணம் கேட்க மாட்டான். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரமும் இலவசம், அதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். மத்திய அரசின் பிஎம்இஜிபி, தமிழக அரசின் நீட்ஸ் மானியக் கடன்களுக்கு நேராகத் திண்டுக்கல் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பஸ்ஸில் ஒரு நாள் போகும், போகட்டும். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு தருகிற டான்சீட் தொடக்க நிதி பற்றியும் விசாரியுங்கள், பெண்கள் நடத்தும் நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை உண்டு. ஜிஎஸ்டி எண்ணைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, மறந்தே போனேன். நேற்று மத்தியானம் புது எண்ணிலிருந்து ஒருவன் கூப்பிட்டான். அக்கா, நீங்க இழந்த 88,500-ஐ மீட்டுத் தர்றோம், கட்டணம் 2,950 மட்டும்தான் என்றான். அதுவும் ஜிஎஸ்டி சேர்த்துத்தானாம்.