கோட்டை அருங்காட்சியகம்: பாராமகாலிலிருந்து செல்பவரின் பார்வையில்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து சென்னைக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் மருத்துவமனை, உயர் நீதிமன்றம், தலைமைச் செயலகம் என்று ஏதேனும் ஒரு வேலையாகவே செல்கிறோம். அந்த வேலை முடிந்து ஊர் திரும்பும் வண்டிக்கு நேரமிருந்தால், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இந்தியத் தொல்லியல் துறை நடத்தும் அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரத்தை ஒதுக்கலாம். கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லாததால் ஜோலார்பேட்டையில் ஏறிச் சென்ட்ரலில் இறங்குபவர்கள், எதிரிலுள்ள பூங்கா நிலையத்தில் புறநகர் ரயிலைப் பிடித்தால் அடுத்த நிறுத்தமே கோட்டை. சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் உள்ளேயே இயங்குவதால் வாயிலில் காவலர் சோதனை உண்டு. அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டமன்றம் கூடாத நாளாகப் பார்த்துச் செல்வது நல்லது. வெள்ளிக்கிழமை விடுமுறை.

கட்டடமே பார்க்க வேண்டிய ஒன்றுதான். 1795இல் கட்டி முடிக்கப்பட்ட இதில் வங்கி நடந்திருக்கிறது, மாடிக் கூடத்தில் வணிகர்கள் கூடி ஏலம் விட்டிருக்கிறார்கள், 1796 முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதன் உச்சியில் நகரின் முதல் கலங்கரை விளக்கம் எரிந்திருக்கிறது. அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது 1948 ஜனவரியில்.

நம் மாவட்டத்தவர் நின்று பார்க்க வேண்டியது கீழ்த்தளத்தில் நிற்கும், கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸ் பிரபுவின் சலவைக்கல் சிலை. தாமஸ் பேங்க்ஸ் என்னும் சிற்பி செய்தது. பலரும் அண்ணாந்து முகத்தைப் பார்த்துவிட்டு மாடிப்படிக்குப் போய்விடுகிறார்கள். செய்தி இருப்பதோ பீடத்தில். திப்பு சுல்தானின் இரு மகன்களைப் பிணைக்கைதிகளாக ஒப்படைக்கும் காட்சி அங்கே புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சிறுவர்கள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு 1794இல்தான் தந்தையிடம் திரும்பினார்கள். அவர்களைப் பிணையாக வாங்கிய 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைதான், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் இழப்பீட்டைத் திப்புமேல் விதித்ததோடு பாராமகாலையும், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமையின் பெரும்பகுதியையும், கும்பினியின் கையில் சேர்த்தது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் கும்பினித் தளபதி மேக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை இரவில் தாக்கி, அடிவாரப் பேட்டையைப் பிடித்தும் மலையில் ஏற முடியாமல் திரும்பியிருந்தது. அந்தக் கோட்டை நிற்கும் சையத் பாஷா மலையைத் தினமும் பார்த்து வளர்ந்த ஒருவர் இந்தப் பீடத்தின் முன் நிற்கும்போது, அந்த மலை கைமாறியது சண்டையில் அல்ல, இந்தக் காட்சியோடு சேர்ந்த ஒப்பந்தத்தில்தான் என்பது புத்தகத்தில் படித்ததைவிடத் தெளிவாக விளங்குகிறது. இந்த ஒன்றுக்காகவே பயணம் தகும் என்பேன்.

படைக்கலக் கூடத்தில் வாள்கள், துப்பாக்கிகள், சிறு பீரங்கிகள், சீருடைகள், பதக்கங்கள் நிறைய உள்ளன. ஆயுதங்களில் நாட்டமில்லாதவரையும் நிறுத்தி வைக்கும் பொருள் ஒரு மரக்கூண்டு. சென்னைப் பீரங்கிப் படையின் கேப்டன் ஆன்ஸ்ட்ரதரை 1840இல் சீனர்கள் பிடித்து இதற்குள் அடைத்திருந்தார்கள். வளர்ந்த மனிதர் நிற்கவோ காலை நீட்டவோ இடமில்லாத அளவு. ஊரை ஆளப் பிறந்தவர்கள் என்ற தோரணையிலேயே காட்சிப் பொருள்கள் அடுக்கப்பட்ட இடத்தில், அவர்களில் ஒருவர் கோழிக்கூண்டு போன்ற பெட்டியில் முடங்கிக் கிடந்ததை இது சொல்கிறது. 1914 செப்டம்பரில் சென்னையைத் தாக்கிய எம்டன் கப்பலின் குண்டுச் சிதறலும் இங்கு உண்டு. எம்டன் என்ற பேரை வசவாக மட்டுமே கேட்டிருக்கும் பிள்ளைகளுக்கு அதைக் காட்டலாம்.

மாடியிலுள்ள ஆளுநர்கள், அரசர்களின் ஓவியங்களை விரைவாகக் கடந்துவிடலாம். ஒன்றிரண்டுக்குப் பிறகு எல்லா முகமும் ஒன்றாகத் தெரிகிறது. ஆனால் 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றப்பட்ட பட்டுத் தேசியக் கொடியைப் பார்க்காமல் இறங்கக் கூடாது.

ஒரு குறை சொல்வதென்றால், அது சேகரிப்பின் இயல்பிலேயே இருப்பது. தளபதிகளுக்குச் சிலையும் ஓவியமும் இருக்கின்றன, அவர்களுக்காகச் செத்த சிப்பாய்களுக்குப் பெயர் இல்லை. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தின் நடுகற்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உறுத்தும். ஆநிரை மீட்டு விழுந்த சாதாரண வீரனுக்கும் அங்கே பெயரும், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதும் கல்லில் வெட்டப்பட்டிருக்கும். முதலில் அதைப் பார்த்துவிட்டுச் சென்னைக்குப் போனால் இரண்டும் நன்றாகப் புரியும்.

வெளியே வந்தபின், 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயம் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. இன்னும் நேரமிருந்தால் தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோவையும் பார்க்கலாம். 1792க்குப் பிறகு பாராமகாலை நிர்வகித்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராகத் தருமபுரியில் இருந்து, உழவரிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளமிட்டவர் அவர். சிலை சாலை நடுவே இருப்பதால், போக்குவரத்துக்கு ஊடே ஓடிக் கடக்காமல் ஓரத்தில் நின்று பார்ப்பதே போதும்.