காமகுராவின் மலைமுகட்டில் கோயில் கோயிலாக: ஒருநாள் வழிகாட்டி நடைப்பயணம் பற்றிய மதிப்புரை

டோக்கியோ நிலையத்தில் யொகோசுகா தடத்து ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் காமகுரா, ஜப்பானின் முதல் சாமுராய் அரசு நடந்த ஊர். மூன்று பக்கம் மலையும் ஒரு பக்கம் கடலுமாக இயற்கையே அரணாக அமைந்த இவ்விடத்தை, அந்த அரசை நிறுவிய மினாமொத்தோ யொரித்தோமோ தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். அதே மலைகளின் முகட்டில்தான் இன்று பௌத்தக் கோயில்களையும், ஜப்பானின் பூர்விகச் சமயமான ஷிண்டோவின் ஆலயங்களையும் இணைக்கும் நடைபாதைகள் செல்கின்றன. அவற்றுள், கித்தா காமகுரா நிலையத்தில் தொடங்கிப் பெரிய புத்தர் சிலையில் இறங்கும் வழியில், ஆங்கிலம் பேசும் உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் சிறு குழுவாக ஒரு பகல் முழுவதும் நடந்தோம். மலைப்பாதை மட்டும் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். திரும்பும் இடங்களில் பலகைகள் இருப்பதால் தனியே சென்றாலும் வழி தவறுவது அரிது. ஆகவே பாதை காட்டுவதற்காக எவரும் இந்தச் சேவைக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சந்நிதியிலும் எப்படி நிற்பது, எதைக் கவனிப்பது என்று கற்றுக்கொள்வதற்காகச் செலவழிக்கலாம். அந்த அளவில் இந்தப் பயணம் எனக்கு முழு நிறைவைத் தந்தது.

ரயிலை விட்டு இறங்கிய சில நிமிடங்களில் எங்காகுஜி வந்துவிடுகிறது. மங்கோலியப் படையெடுப்புகளில் மாண்டவர்களுக்காக 1282-இல் காமகுரா அரசை அப்போது ஆண்ட ஹோஜோ தொக்கிமுனே எழுப்பிய ஜென் கோயில் இது. தம் வீரர்களுக்கு மட்டுமன்றி, எதிரிப் படையில் இறந்தவர்களுக்கும் சேர்த்தே இங்கு வழிபாடு நடந்தது. எங்கள் வழிகாட்டி இந்த வரலாற்றை வாசலிலேயே ஒப்பிக்காமல், செங்குத்தான படிகளில் எங்களை ஏற்றி, 1301-இல் வார்க்கப்பட்ட பெருமணியின் முன் நிறுத்திய பிறகே சொன்னார். ஆளுயரத்தை மிஞ்சிய அந்த மணியில் நாக்கு கிடையாது. வெளியே கிடைமட்டமாகத் தொங்கும் மரத்தடியை இழுத்து மோதித்தான் ஒலி எழுப்புகிறார்கள். அந்த மேட்டிலிருந்து எதிர்ச் சரிவில் தோக்கேஜி தெரிகிறது. தொக்கிமுனேயின் மனைவி கணவர் மறைந்தபின் துறவு பூண்டு 1285-இல் நிறுவிய மடம் அது. கணவனிடமிருந்து விலக விரும்பிய பெண்கள் அங்கே அடைக்கலம் புகுந்து, குறித்த காலம் தங்கி, மணவிலக்குப் பெறும் வழக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்திருந்தது. இவ்வளவு அரிய வரலாறுடைய இடத்தைத் தொலைவிலிருந்து காட்டியதோடு நிறுத்திக்கொண்டது பயணத் திட்டத்தின் குறை என்றே கருதுகிறேன். அரைமணி நேரமாவது அங்கே ஒதுக்கியிருக்க வேண்டும்.

ஜோச்சிஜி கோயிலின் பக்கவாட்டில் தொடங்கும் ஏற்றம் கடினமானதன்று. ஆனால் மண் அரித்துப்போனதால் மரவேர்கள் பாதையின் குறுக்கே புடைத்து நிற்கின்றன. முந்தைய நாள் மழை பெய்திருந்தால் களிமண் வழுக்கும். ஏறி முடிக்கும் இடத்தில் குசுஹாராஒகா ஆலயம் இருக்கிறது. காமகுரா அரசுக்கு எதிராகப் பேரரசர் பக்கம் நின்றதற்காக 1332-இல் இவ்விடத்தில் கொல்லப்பட்ட ஹினோ தொஷிமொத்தோவே இங்கு தெய்வம். இப்போது இளைஞர்கள் நல்ல துணை அமைய வேண்டிக்கொள்ள வருகிறார்கள். வழிபாட்டு முறையை வழிகாட்டி இங்கேதான் பொறுமையாகச் செய்து காட்டினார். தோரீ என்னும் நுழைவாயிலின் நடுவில் போகாமல் ஓரமாகச் செல்ல வேண்டும், ஏனெனில் நடுவழி தெய்வத்துக்கு உரியது. தண்ணீர்த் தொட்டியில் முதலில் இடக்கை, பிறகு வலக்கை, அதன்பின் கையில் ஊற்றிய நீரால் வாய் கொப்பளிப்பு. அகப்பையில் வாய் வைக்கவே கூடாது. சந்நிதியில் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிய வேண்டும். பௌத்தக் கோயிலிலோ கைதட்டாமல் கைகூப்பினால் போதும். இவ்வளவையும் செய்து பழகிய பிறகு, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்ற கூச்சம் எங்களுக்கு நீங்கிவிட்டது.

இந்த வழியின் உயிர்நிலை செனியராய் பென்தென். பாறையைக் குடைந்த சுரங்கவழியின் மறுமுனையில், நாற்புறமும் செங்குத்துப் பாறைகள் சூழ்ந்த ஒரு சிறு வெளியில் இந்த ஆலயம் இருக்கிறது. 1185-ஆம் ஆண்டு, விலங்குகளின் பெயரால் காலத்தைக் குறிக்கும் பழைய நாட்காட்டிப்படி பாம்பு ஆண்டின் பாம்பு மாதத்துப் பாம்பு நாளில் யொரித்தோமோவின் கனவில் தெய்வம் தோன்றி இந்த ஊற்றைக் காட்டியதாக ஐதிகம். முகப்பில் மெழுகுவத்தி, ஊதுவத்தி ஆகியவற்றுடன் ஒரு சிறு மூங்கில் கூடை கொடுக்கிறார்கள். குகைக்குள் சென்று, கூடையில் காசுகளைப் போட்டு, அகப்பையால் ஊற்றுநீரை மொண்டு ஊற்றிக் கழுவ வேண்டும். கழுவிய காசு பெருகும் என்பது நம்பிக்கை. அதைப் பூட்டி வைக்காமல் நல்ல காரியத்துக்குச் செலவிட வேண்டும் என்று வழிகாட்டி சொன்னார். பக்கத்தில் ஒரு மூதாட்டி நனைந்த ஆயிரம் யென் தாளை இரு கைகளாலும் விரித்து, ஊதுவத்திச் சட்டியின் அனலில் காட்டி உலர்த்திக்கொண்டிருந்தார்.

இங்கே வழிபடப்படும் பென்தென், பௌத்தத்தின் வழியாகச் சீனம் கடந்து ஜப்பான் வந்த நம் சரஸ்வதியே. வீணையின் இடத்தில் பிவா என்னும் நரம்புக் கருவியைக் கையில் ஏந்தி, கலைக்கும் நீருக்கும் உரியவளாக இருந்தவள், காலப்போக்கில் செல்வத்தையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். 1868-இல் மெய்ஜி அரசு ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்க ஆணையிட்டதால், நாடெங்கும் ஒரே வளாகத்தில் கலந்திருந்த சந்நிதிகள் தனித்தனியாகின. அப்படியிருந்தும் தோரீ நிற்கும் இந்த ஆலயத்தில் பௌத்தக் கோயில்களுக்கே உரிய ஊதுவத்தி இன்றும் புகைகிறது. அந்தப் புகையைச் சுட்டிக்காட்டி வழிகாட்டி இதை விளக்கிய சில நிமிடங்கள், என்னைப் பொறுத்தவரை, முழுக் கட்டணத்துக்கும் ஈடானவை.

உணவில்தான் பெரிய குறை. முன்பதிவின்போது சைவ உணவு வேண்டும் என்று எழுதி, ஏற்பாடு செய்வதாகப் பதிலும் பெற்றிருந்தேன். காமகுராவின் கெஞ்சோஜி மடத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் கெஞ்சின்ஜிரு என்னும் காய்கறிச் சூப்பை உணவகத்தில் பரிமாறினார்கள். கேட்டபோது, அதன் அடிச்சாறு உலர்ந்த மீன் சீவலில் எடுத்தது என்று தெரிந்தது. ஜப்பானியச் சமையலில் தாஷி என்னும் இந்தச் சாறு காய்கறி உணவுகளிலும் பரவலாகக் கலப்பதால், இறைச்சி இல்லை என்ற உறுதிமொழி நம்மவர்களுக்குப் போதாது. மீன்சாறும் கூடாது என்று தனியே எழுதிக் கேளுங்கள். முடிந்தால் துறவியர் மரபில் சமைக்கும் ஷோஜின் உணவை முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லுங்கள். வெளிநாட்டினரை அழைத்துச் செல்வதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் இதைத் தானாகவே விசாரித்திருக்க வேண்டும்.

சாசுகே இனாரி ஆலயத்தின் செந்நிறத் தோரீ வரிசையையும் நரிச் சிலைகளையும் விரைவாகக் கடந்து, பிற்பகலில் பெரிய புத்தர் இருக்கும் கோத்தோகுயின் கோயிலைச் சேர்ந்தோம். பீடம் நீங்கலாக 11 மீட்டருக்கு மேல் உயரமும் ஏறத்தாழ 121 டன் எடையும் கொண்ட வெண்கல அமிதாப புத்தர், ஒரு காலத்தில் கூடத்துக்குள் இருந்தவர். புயல்களும் ஆழிப்பேரலையும் அந்தக் கூடத்தை அழித்தபின் பல நூற்றாண்டுகளாக வெட்டவெளியில் அமர்ந்திருக்கிறார். சிறு கட்டணம் கொடுத்துச் சிலையின் வயிற்றுக்குள் நுழையத் தவறாதீர்கள். அடுக்கடுக்காக வார்த்து இணைத்த பொருத்துவாய்கள் உட்சுவரில் தெளிவாகத் தெரிகின்றன. அண்ணாந்து பார்த்தால், 1960-களின் தொடக்கத்தில் கழுத்தை வலுப்படுத்தப் பூசிய இழைப் பிளாஸ்டிக்கும் கண்ணில் படும்.

அதே வளாகத்தில் இலங்கையின் ஜே. ஆர். ஜயவர்தனாவுக்கு ஒரு நினைவுக்கல் உள்ளது. 1951-இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், பகையைப் பகை தணிக்காது என்ற புத்தர் வாக்கை எடுத்துச் சொல்லி, ஜப்பானிடம் போர் இழப்பீடு கேட்காமல் விட்டவர் என்ற நன்றிக்காக 1991-இல் நிறுவியது. அவருடைய ஆட்சியில் 1983 ஜூலையில் தமிழர்களுக்கு நேர்ந்தவற்றை அறிந்த எவராலும் அந்தக் கல்லின் முன் அமைதியாக நிற்க இயலாது, எனக்கும் இயலவில்லை. வழிகாட்டி அதைக் குறிப்பிடாமலே கடந்தார். நான் கேட்டபோது, தமக்குத் தெரிந்தது சான் பிரான்சிஸ்கோ உரை மட்டுமே என்று சொல்லி, மற்றதை என்னிடம் அக்கறையோடு கேட்டறிந்தார்.

கடைசியாகச் சென்ற ஹாசேதேராவில் ஒன்பது மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் நிற்கும் கன்னோன் என்னும் கருணைப் போதிசத்துவரின் பதினொரு முக மரச்சிலையைக் காணவே நேரம் இருந்தது. கடல் தெரியும் மேல்தளத்தை அவசரமாகத்தான் பார்த்தோம். நுழைவுக் கட்டணங்கள் பயணக் கட்டணத்தில் சேராதவை என்பதால் சில்லறை யென் கையில் வைத்திருப்பது நல்லது. ஹைட்ராஞ்சியா பூக்கும் ஜூன் மாதத்தில் ஹாசேதேராவில் காத்திருக்கும் வரிசை நீளும். மழைக்காலம் என்பதால் பாதையும் சேறாகும். நவம்பர் இறுதியோ டிசம்பர் தொடக்கமோ ஏற்றது. முழங்கால் வலி உள்ளவர்கள் செனியராய் பென்தெனுக்கு இறங்கும் செங்குத்தான சரிவை எண்ணிப் பார்த்து முடிவு செய்யட்டும். மற்றவர்கள், நல்ல பிடிமானமுள்ள காலணி இருந்தால், பத்து வயதுப் பிள்ளைகளையும் தாராளமாக அழைத்துச் செல்லலாம்.