நியாயமான சோதனை அறிவியல் பெட்டி: திட்டத் தாளுக்காகவே வாங்கலாம், ஊசல் குண்டைக் கவனியுங்கள்

பிள்ளைகளுக்கான அறிவியல் பெட்டி என்றாலே நுரை பொங்கும், காந்தம் ஒட்டும், அதோடு கதை முடிந்துவிடும். இதில் அந்த வேடிக்கை எதுவும் கிடையாது, எனக்குப் பிடித்ததே அதனால்தான். ஊசல், சர்க்கரை கரைத்தல், விதை முளைத்தல் என்று மூன்றே சோதனைகள். ஆனால் பொருளைத் தொடுவதற்கு முன்னாலேயே ஒரு திட்டத் தாளை நிரப்ப வேண்டும்: எதை மாற்றப் போகிறாய், எதை அளக்கப் போகிறாய், எதையெல்லாம் மாறாமல் வைத்திருக்கப் போகிறாய்? சாரா மாறி (நாம் மாற்றுவது), சார்ந்த மாறி (நாம் அளப்பது) என்று மனப்பாடம் பண்ணிவிட்டுத் தேர்வில் இரண்டையும் குழப்பிக்கொள்கிற மாணவர்களுக்கு இந்த மூன்று கேள்விகள் பெரிய உதவி.

சர்க்கரைச் சோதனையில் இது நன்றாகவே வேலை செய்கிறது. வெந்நீரில் சீக்கிரம் கரையும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் மூன்றாவது கேள்விக்கு வரும்போதுதான் தண்ணீர் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, தூளா கட்டியா, கலக்குவதா வேண்டாமா என்று ஒவ்வொன்றாகக் கிளம்புகிறது. முழுதாகக் கரைந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது என்பதையும் தாளிலேயே எழுதச் சொல்லியிருப்பது ரொம்பச் சரி.

ஊசலில்தான் கோளாறு. எடை மாறினால் அலைவு நேரம், அதாவது ஒரு முறை போய்த் திரும்ப ஆகும் நேரம், மாறுமா என்று பார்க்க ஒரு சின்ன குண்டும் ஒரு பெரிய குண்டும் தந்திருக்கிறார்கள், நூலை 25 செ.மீ. அளந்து கட்டச் சொல்கிறார்கள். ஊசலின் நீளம் குண்டின் மையம் வரைக்கும் அளக்க வேண்டியது. சின்னதின் ஆரம் 1 செ.மீ., பெரியதின் ஆரம் 2.5 செ.மீ. என்றால் நீளம் 26, 27.5 என்று ஆகிவிடுகிறது; நீளம் கூடினால் அலைவு நேரமும் கூடும் என்பதால் 20 அலைவுக்குச் சுமார் அரை விநாடி வித்தியாசம் வரும். கவனமாக அளக்கிற பிள்ளைதான் எடையால் நேரம் மாறுகிறது என்று தப்பாக எழுதும், அதுதான் எனக்கு ஆற்றாமை. மையம் வரை அளந்து கட்டுங்கள், இல்லையென்றால் ஒரே அளவிலான மரக்குண்டும் இரும்புக்குண்டும் தேடிப் பிடியுங்கள். இழுத்து விடுகிற கோணமும் சிறியதாக, ஒரே மாதிரி இருக்கட்டும்.

விதைச் சோதனையிலும் அதே மாதிரி ஒரு சறுக்கல்: வெளிச்சம் தேவையா என்று பார்க்க ஒரு கிண்ணம் ஜன்னலில், இன்னொன்று அலமாரிக்குள். ஜன்னலில் சூடும் கூடுதல், ஈரமும் சீக்கிரம் காயும், அப்புறம் எது காரணம் என்று எப்படிச் சொல்வது? வெயில் நேராக விழாத ஒரே இடத்தில் இரண்டையும் வைத்து, ஒன்றின் மேல் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தால் போதும், காற்றுக்கு மட்டும் கொஞ்சம் வழி விடுங்கள்.

எதிர்பார்க்கும் விடையைத் தாளின் பின்பக்கமே அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அளவைத் திருத்தி எழுதாத பிள்ளை அபூர்வம், அதனால் முன்பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுங்கள். எப்படியும் நகல் வேண்டியிருக்கும், சோதனைக்கு ஒரு தாள்தான் உள்ளே இருக்கிறது.