விளக்குப் பாதை என்று விற்று, மூடிய பாதையில் இறக்கிவிட்டார்: இரவுச் சறுக்கலுக்குப் பணம் கட்டுமுன் படியுங்கள்

கடந்த பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாலை, சுவிஸில் சூரிச்சிலும் வின்டர்தூரிலும் வசிக்கும் நண்பர்கள் ஆறு பேர், தலைக்கு 85 பிராங் கட்டி, பனிச்சறுக்கு வண்டிகளில் மலையிலிருந்து இறங்கும் இரவுச் சறுக்கலுக்குப் போனோம். திரும்பி வரும்போது எங்களில் இளையவனின் இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. எங்களுக்கு விற்கப்பட்டது ஓர் இடம். நாங்கள் கொண்டுபோய் இறக்கப்பட்டது வேறோர் இடம். இதை ஒழுங்கு செய்தவர் பதிவு செய்த நிறுவனம் எதுவும் இல்லாத ஒரு தனிமனிதர். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் விற்ற முறையை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் அதே முறையில் நாளை வேறொருவரும் விற்கலாம்.

எங்கள் ஆட்களின் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய அந்த அறிவித்தலில், வெண்பனி மூடிய வீதியோரம் வரிசையாக விளக்குகள் எரிய, மர வண்டிகளில் குடும்பங்கள் இறங்கி வரும் படம் ஒன்று இருந்தது. அதன் கீழே, பிரேடாவிலிருந்து பெர்க்யூன் வரை இரவுச் சறுக்கல் என்றும், போக்குவரத்து, வண்டி, தலைக்கவசம், சூடான சாப்பாடு எல்லாம் சேர்த்து 85 பிராங் என்றும் தமிழில் எழுதப்பட்டிருந்தது. சுவிஸில் சில குளிர்காலங்களைக் கழித்த எவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கும். கிராவ்புண்டன் மாநிலத்தில், குளிர்காலத்தில் வாகனங்களுக்கு மூடப்படும் அல்புலா கணவாய் வீதியையே அங்கே சறுக்குப் பாதையாக ஆக்குகிறார்கள். ஏறத்தாழ 1,790 மீற்றர் உயரத்திலுள்ள பிரேடாவிலிருந்து 400 மீற்றருக்கு மேல் கீழே இருக்கும் பெர்க்யூனுக்கு 6 கிலோமீற்றர் நீளத்தில் இறங்கும் அந்தப் பாதையில் இரவில் விளக்குகள் எரியும். கீழே வந்தவர்களை, 2008இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அல்புலா தொடருந்துப் பாதை, மலைக்குள்ளேயே சுழன்று ஏறும் சுரங்கங்கள் வழியாக மறுபடியும் மேலே கொண்டுபோய் விடும். நாங்கள் பணம் கட்டியது இதற்குத்தான். இரவில் சறுக்குவது எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்று நினைத்து நாங்கள் பணம் கட்டவில்லை. அந்த விளக்குகளுக்காகவும், யாரோ பொறுப்பாகப் பராமரிக்கும் அந்தப் பாதைக்காகவும்தான் கட்டினோம்.

ஒன்பது பேர் இருக்கக்கூடிய வாகனத்தில் மாலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். வழியிலுள்ள கூர் நகரத்துக்கு வெகு முன்பே, வாகனத்தை ஓட்டிய ஏற்பாட்டாளர் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியபோது, இது பெர்க்யூனுக்குப் போகும் வழி இல்லையே அண்ணை என்று நான் கேட்டேன். "அங்க இண்டைக்குச் சரியான சனம் தம்பி, ரயிலுக்கு வரிசையில நிண்டே இரவு போயிடும், நான் அதைவிட நல்ல இடம் வச்சிருக்கிறன்" என்றார். அவர் எங்களைவிட வயதில் மூத்தவர். எங்களில் ஒருவனுடைய மாமாவுக்குத் தெரிந்தவரும்கூட. அந்த மரியாதையில் யாரும் மேலே பேசவில்லை. அந்த இடத்திலேயே வாகனத்தை நிறுத்தச் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

எட்டு மணி கடந்து ஒரு மலை உணவகத்தின் வாகனத் தரிப்பிடத்தில் இறக்கினார். உணவகம் பூட்டியிருந்தது. பாதையின் தொடக்கத்தில் சிவப்பு வெள்ளைக் கயிறு கட்டி, மூடப்பட்டுள்ளது என்று ஜேர்மன் மொழியில் எழுதிய பலகை தொங்கியது. அதன் கீழே ஓர் இயந்திரமும் அதிலிருந்து நீளும் கோடும் வரையப்பட்டிருந்தன. அது பகலில் மட்டும் திறந்திருக்கும் பாதை, மாலையில் ஆட்களை மலைக்கு ஏற்றும் மின்தூக்கி நின்றதும் பாதையையும் மூடிவிடுவார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். மின்தூக்கிச் சீட்டுக்கோ பாதைக்கோ யாருக்கும் ஒரு சதமும் கட்டத் தேவையில்லாத நேரத்தையும் இடத்தையும் அவர் தேர்ந்திருக்கிறார். பலகை பகலுக்குத்தான், இரவில் யாரும் இல்லாததால் எங்களுக்குத்தான் வசதி என்று சொல்லிக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். நாங்கள் குனிந்து உள்ளே போனோம்.

ஆறு பேருக்கும் சேர்த்து நான்கு வண்டிகள்தான் இருந்தன. அவற்றில் இரண்டு பிளாஸ்டிக்கால் ஆனவை, ஒன்றில் தடுப்புப் பிடி உடைந்திருந்தது. மற்ற இரண்டும் தாவோஸ் வகை மர வண்டிகள். அந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1883இல் தாவோஸிலிருந்து குளோஸ்டர்ஸ் வரை நடந்த சறுக்குப் போட்டியின் காலத்திலிருந்து பெயர் பெற்று, இன்றும் வாடகைக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் வண்டி அது. நன்றாகப் பராமரித்தால் சிறு பிள்ளையும் நம்பி உட்காரலாம். ஆனால் அதன் உயிர் அடியில் உள்ள இரும்புப் பட்டைகளில் இருக்கிறது. பட்டை துருப்பிடித்தாலோ ஆணி தளர்ந்தாலோ, காலை ஊன்றித் திருப்பும்போது வண்டி ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாகப் போய்விடும். எங்களுக்குத் தந்த ஒன்றில் வலப்பட்டையின் முன் ஆணி ஆடியது. சுட்டிக்காட்டினோம், சப்பாத்துக் குதியால் இரண்டு முறை அடித்துவிட்டு, சரி என்றார். தலைக்கவசம் இரண்டு, நெற்றிவிளக்கு மூன்று. எப்படித் திரும்புவது, எப்படி நிறுத்துவது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. திரும்ப வேண்டிய பக்கத்துக் காலை ஊன்ற வேண்டும், வேகம் குறைக்க இரு பாதங்களையும் முழுமையாகப் பனியில் அழுத்த வேண்டும், அவசரத்தில் வண்டியின் முன்பகுதியைக் கையால் தூக்க வேண்டும் என்ற மூன்று விடயங்களையும், மூன்று முறை முன்பு போயிருந்த நான்தான் மற்றவர்களுக்குச் சொன்னேன். அவர் கீழே காத்திருப்பதாகச் சொல்லி வாகனத்துடன் போய்விட்டார்.

ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் இறங்கியிருப்போம். பகலில் இளகிய பனி இரவில் உறைந்து, காட்டுவீதி முழுவதும் கண்ணாடி போல் இருந்தது. ஒரு வலது வளைவில், அந்த ஆடும் ஆணியுள்ள வண்டியில் இருந்த இளையவன் காலை ஊன்றினான்; வண்டி திரும்பவில்லை. வீதியோரத்தில் வெட்டி அடுக்கியிருந்த மரக்கட்டைகளின்மேல் நேராகப் போய் மோதினான். தலைக்கவசம் இரண்டில் ஒன்று அவனுடைய தலையில் இருந்தது என்பதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். அதன் நெற்றிப்பகுதி கீறிக் கிடந்தது. கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. நாங்கள் அவனைச் சுற்றி நின்று, நகர்த்தலாமா கூடாதா என்று தெரியாமல் குழம்பிக்கொண்டிருந்த வேளையில், கீழேயுள்ள மரங்களுக்கிடையில் செம்மஞ்சள் விளக்கு ஒன்று சுழல்வது தெரிந்தது.

அது பனியைச் சமப்படுத்தும் இயந்திரம். எங்கள் நெற்றிவிளக்குகளைக் கண்டு ஓட்டுநர் நிறுத்திவிட்டு, இறங்கி, கத்திக்கொண்டே நடந்து வந்தார். முதலில் அவருடைய கோபம் எங்களுக்குப் புரியவில்லை. நண்பனைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார், தன் மேலாடையைக் கழற்றி அவன்மேல் போர்த்தினார், வானொலிக் கருவியில் பேசி ஆள் வரச் சொன்னார். பிறகு என்னை நூற்றைம்பது மீற்றர் கீழே அழைத்துப்போய், எங்கள் பாதை ஒரு பனிச்சறுக்குச் சரிவைக் குறுக்கே கடக்கும் இடத்தைக் காட்டினார். அங்கே விரல் தடிப்புள்ள ஓர் எஃகு வடம், ஒரு பக்கம் மேலே கம்பத்தில் கட்டப்பட்டு, மறுபக்கம் இயந்திரத்தோடு இணைந்து, இருட்டில் கண்ணுக்கே தெரியாமல் விறைத்து நின்றது. செங்குத்தான சரிவுகளில் அந்த இயந்திரம் இப்படி வடத்தில் தொங்கித்தான் வேலை செய்யும். வடம் ஒரு கிலோமீற்றருக்கு மேலும்கூட நீளக்கூடும். பனிக்குள் கிடப்பது போல் இருந்து, இழுபடும்போது சட்டென்று மேலெழும். பலகையில் வரைந்திருந்த கோடு அதுதான். நண்பன் அந்த வளைவில் விழாதிருந்தால், நாங்கள் ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக அதை நோக்கித்தான் வந்திருப்போம். இதை எழுதும்போதும் என் கை நடுங்குகிறது. இந்தப் பதிவில் வேறு எதையும் நீங்கள் நினைவில் வைக்காவிட்டாலும், மூடிய பாதையில் இரவில் இந்த வடம் இருக்கக்கூடும் என்பதை மட்டும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

மீட்புப் பணியாளர்கள் பனி மோட்டார் வண்டியில் அவனைக் கீழே இறக்க, 144 என்ற அவசர இலக்கத்தின் வழியாக வந்த நோயாளர் வண்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. (மலையில் உலங்குவானூர்தி தேவைப்படும் நிலையில் ரேகா என்ற வான்மீட்புச் சேவையின் இலக்கம் 1414; இரண்டையும் கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.) எங்களை அழைத்துவந்தவர் மருத்துவமனை வாசல்வரை வந்தார். எல்லாவற்றையும் காப்புறுதி பார்த்துக்கொள்ளும், நீங்களாகவே போனதாகச் சொல்லுங்கள் என்றார். வாக்களித்த சூடான சாப்பாட்டைப் பற்றிய பேச்சே எழவில்லை.

காப்புறுதி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளவில்லை. ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு 8 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்பவருக்கு, ஓய்வுநேர விபத்தும் வேலையிடத்து விபத்துக் காப்புறுதிக்குள் வரும். எங்கள் நண்பன் மாணவன். ஓர் உணவகத்தில் வாரத்துக்கு ஆறு மணித்தியாலம்தான் வேலை செய்கிறான். ஆகவே அவனுடைய விபத்து நோய்க் காப்புறுதியின்கீழ் வந்தது. மாதக் கட்டணம் குறையட்டும் என்று, எங்கள் இளையவர்கள் பலரையும் போல, ஆண்டுக்கு 2,500 பிராங் என்ற மிக உயர்ந்த சொந்தப் பொறுப்புத் தொகையைத் தெரிவு செய்திருந்தான். அந்தத் தொகை தீரும்வரை மருத்துவமனைச் செலவு முழுவதும் அவனுடையது. அதற்கு மேலும் 10 சதவீதத்தை, ஆண்டுக்கு 700 பிராங் வரை அவனே கட்ட வேண்டும். அடிப்படைக் காப்புறுதி நோயாளர் வண்டிச் செலவில் பாதியை, அதுவும் ஆண்டுக்கு 500 பிராங் வரையும், மீட்புச் செலவில் பாதியை 5,000 பிராங் வரையும்தான் ஏற்கும். அவனுடைய தாயார் சுத்திகரிப்பு வேலை செய்து சேமித்த பணத்திலிருந்து இதைக் கட்டினார்.

எங்களை அழைத்துப்போனவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதலில் சம்மதித்தார், பிறகு குழுவிலிருந்த அறிவித்தலை அழித்தார், பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. எங்களில் ஒருவன் அறிவித்தலைப் படமெடுத்து வைத்திருந்ததும், நாங்கள் ட்விண்ட் என்ற கைத்தொலைபேசிப் பணப்பரிமாற்றச் செயலி மூலம் பணம் அனுப்பியிருந்ததால் அனுப்பிய பதிவு இருந்ததும்தான் எங்களைக் காப்பாற்றின. ஆனால் வழக்குக்கு முழுப்பெயரும் முகவரியும் வேண்டும்; எங்களிடம் இருந்ததோ கூப்பிடும் பெயரும் ஒரு கைத்தொலைபேசி இலக்கமும்தான். முகவரியைக் கண்டுபிடிக்கவே மூன்று வாரம் ஆனது. கடன் அறவிடும் அலுவலகத்தின் வழியாகக் கேட்டோம். பத்து நாளுக்குள் மறுப்புத் தெரிவிக்கும் உரிமையைப் பயன்படுத்தி அதை நிறுத்தினார். பின்னர் மற்ற ஐவரும் தங்கள் உரிமையை எழுத்துமூலம் எனக்கு மாற்றித் தர, 510 பிராங்கையும் கோரி, வழக்குகளில் முதலில் சமரசம் பார்க்கும் சமாதான நீதவானிடம் போனேன். 2,000 பிராங் வரையான வழக்குகளில், கோருபவர் கேட்டுக்கொண்டால் அங்கேயே தீர்ப்பும் சொல்லலாம் என்பது பலருக்குத் தெரியாது; சட்டத்தரணி தேவைப்படவில்லை. அந்த அறையில் அவர் 400 பிராங் தருவதாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். இதுவரை 200 வந்திருக்கிறது.

நீங்கள் போவதானால், பணம் அனுப்புமுன் பாதையின் பெயரைக் கேளுங்கள். பிறகு அந்த ஊரின் அல்லது மின்தூக்கி நிறுவனத்தின் இணையப் பக்கத்தில், அன்றைய திகதியில், அந்த நேரத்தில் அது திறந்திருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று நீங்களே பாருங்கள். அங்கே ஒவ்வொரு பாதைக்கும் நேரே திறப்பும் மூடலும் எழுதியிருக்கும். ஏற்பாட்டாளரின் முழுப்பெயரும் முகவரியும் எழுத்தில் இல்லாமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். வண்டியை நிலையத்தருகே உள்ள வாடகைக் கடையில் பற்றுச்சீட்டுடன் எடுங்கள். புரட்டிப் பார்த்துப் பட்டையை அசைத்துப் பாருங்கள். உண்மையில் பெர்க்யூனுக்குப் போக இடைத்தரகர் எவரும் தேவையே இல்லை: சூரிச்சிலிருந்து தொடருந்தில் கூர் வந்து மாறினால், நேராக அங்கே கொண்டுபோய் விடும்.

நண்பனின் கை ஆறு வாரத்தில் கட்டு அவிழ்த்தாயிற்று. பாரம் தூக்கும்போது இன்னும் வலிக்கிறது என்கிறான். சென்ற வாரம் அதே விளக்கு வீதிப் படத்துடன், அதே தமிழ் வசனங்களுடன், வேறொரு இலக்கத்திலிருந்து அறிவித்தல் மறுபடியும் எங்கள் குழுவுக்கு வந்தது. இம்முறை விலை 95 பிராங். அடியில் மிகச் சிறிய எழுத்தில், காலநிலையைப் பொறுத்து இடம் மாறலாம் என்று ஒரு வரி புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.