உபுண்டுவில் நிலையான ஐபி முகவரி: அமைப்புச் சாளரம் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது?

மேசைக் கணினியில் கோப்புகளை வைத்து மற்ற கணினிகளிலிருந்து எடுப்பவர்களுக்கு ரவுட்டர் தானாக வழங்கும் ஐபி முகவரி (பிணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் எண்) போதாது. அது மாறிய அன்றே இணைப்புகள் எல்லாம் அறுந்துவிடும். லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் க்னோம் என்ற மேசைத்திரையிலேயே, முகவரியை மாறாமல் நிலைநிறுத்த வழி இருக்கிறது. அமைப்புகளில் பிணையப் பகுதியைத் திறந்து, இணைப்பின் அருகிலுள்ள பற்சக்கரக் குறியை அழுத்தி, ஐபிவி4 தாவலில் தானியங்கி முறையை விட்டுக் கைமுறையைத் தேர்ந்தால், முகவரி, நெட்மாஸ்க் (முகவரியில் பிணையத்தைக் குறிக்கும் பகுதி எது என்று காட்டும் எண்), கேட்வே (வெளியே செல்லும் வழியான ரவுட்டரின் முகவரி) ஆகிய மூன்று கட்டங்களும் கண்முன் வந்து நிற்கின்றன.

முனையக் கட்டளை எதுவும் தெரியாதவரும் இதைச் செய்துவிடலாம் என்பதை மனமாரப் பாராட்டுகிறேன். முகவரியில் 192.168.1.500 என்று தவறி எழுதினால், எந்த எண்ணும் 255-ஐத் தாண்டக் கூடாது என்பதால், சாளரம் அதை ஏற்பதில்லை.

ஆனால் எழுத்துப் பிழையைப் பிடிக்கும் இச்சாளரம் பொருட்பிழையைப் பிடிப்பதில்லை. இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவைக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுச் சேமித்தேன். அது மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. இணையத்திலுள்ள 1.1.1.1 என்ற முகவரிக்கு பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) அனுப்பினால் பதில் வந்தது, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை. கைமுறைக்கு மாறியதும் ரவுட்டர் டிஎன்எஸ் விவரத்தைத் தருவது நின்றுவிடுகிறது என்பதே காரணம். இதைச் சொல்ல ஒரு வரி எச்சரிக்கை அங்கே இருந்திருந்தால், ரவுட்டரையும் கம்பியையும் சந்தேகித்துக் கழிந்த ஒரு மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

சேமித்த பிறகும் பழைய முகவரியே நீடிக்கும். இணைப்பை ஒரு முறை அணைத்து மீண்டும் இயக்கினால்தான் புதியது நடைமுறைக்கு வரும். இதையும் சாளரம் தெரிவிப்பதில்லை.

இவற்றைவிட முக்கியமானது, எந்த எண்ணைத் தேர்வது என்பது. முகவரியின் கடைசி எண்ணாக ரவுட்டர் 100 முதல் 199 வரை தானாக வழங்குகிறது என்றால், 150-ஐ நாம் எடுத்துக்கொள்வது ஆபத்து. அதே எண் ஒரு கைபேசிக்கும் போய்ச் சேர்ந்தால் இரண்டின் இணைப்பும் விட்டுவிட்டு வேலை செய்யும். ஆகவே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்த வரம்பைப் பார்த்து, அதற்கு வெளியே, எடுத்துக்காட்டாக 50-ஐ, தேர்வதே சரி. ரவுட்டரிலேயே கணினியின் மேக் முகவரிக்கு (பிணைய அட்டைக்கே உரிய அடையாள எண்) ஓர் ஐபி எண்ணை ஒதுக்கிவைக்கும் வசதி இருந்தால் நான் அதையே முதலில் பரிந்துரைப்பேன், ஏனெனில் அப்போது டிஎன்எஸ் சிக்கலும் எழாது.

திரை இணைக்காத கணினிக்கு இச்சாளரம் உதவாது. அங்கே தொலைவிலிருந்து நுழைந்து, முனையத்தில் என்எம்டியுஐ (nmtui) என்ற கருவியைத் திறந்தால், அம்புக்குறி விசைகளாலேயே இதே விவரங்களை நிரப்பிவிடலாம். ஆனால் முகவரி மாறியவுடன் தொலைவிணைப்பு அறுந்துவிடும் என்பதால், புதிய எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு அதன் வழியே மீண்டும் நுழைய வேண்டும்.