ஃபுகுஷிமா கடலோர ஒரு நாள் டூர்: வழிகாட்டிக்கு ஐந்து நட்சத்திரம், நேரத் திட்டத்துக்கு இரண்டு

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. ஃபுகுஷிமா அணு உலைப் பக்கம் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு முதல் வருடத்திலிருந்தே உண்டு, இப்போதுதான் கைகூடியது. ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லும் ஒரு சின்ன டூர் கம்பெனியோடு போனேன். பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கு அவர்கள் மேல் ஒரு பெரிய குறை இருக்கிறது. வழிகாட்டி மேல் எந்தக் குறையும் இல்லை.

டோக்கியோவின் உயேனோவிலிருந்து ஜோபன் ரயில் பாதையில், உலைக்குப் பக்கத்து ஊரான ஃபுடாபாவின் ஸ்டேஷனுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2011 மார்ச்சில் நிலநடுக்கம், சுனாமி, அதையொட்டி அணு உலை விபத்து எல்லாம் வந்த பிறகு இந்தப் பாதை ஒன்பது வருடம் அறுந்து கிடந்து 2020 மார்ச்சில்தான் முழுசாக மறுபடி ஓட ஆரம்பித்தது. ஸ்டேஷன் புத்தம் புதுசாக இருக்கிறது, வெளியே வந்தால் தெருவில் ஆள் இல்லை. விபத்துக்கு முன் சுமார் 7,000 பேர் இருந்த ஊர், 2022 ஆகஸ்ட் வரை ஒருவரும் இங்கே குடியிருக்க அனுமதி கிடையாது. எங்கள் வழிகாட்டி இந்த ஊர்க்காரர், அறுபதைத் தாண்டியவர், வேனை ஓட்டிக்கொண்டே பேசினார்.

வீட்டில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி கதிர்வீச்சு பற்றித்தான், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேனில் ஏறியதும் கதிர்வீச்சை அளக்க ஆளுக்கொரு மீட்டர் தருகிறார்கள். ஸ்டேஷன் பக்கம் மணிக்கு 0.1 மைக்ரோசீவெர்ட் (உடலில் படும் கதிர்வீச்சின் அலகு) அளவில்தான் காட்டியது, ஆறாம் நம்பர் நெடுஞ்சாலையில் உலைக்கு அருகே போகும்போது சில நிமிடம் ஏறி மறுபடி இறங்கியது. ஒரு நாள் போய் வருகிறவர் பயப்பட ஒன்றுமில்லை. அங்கே குடியேறிப் பிள்ளை வளர்க்கலாமா என்பது வேறு கேள்வி. விபத்தில் வெளியேறி மண்ணில் விழுந்த சீசியம் 137 என்ற கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறையவே 30 வருடம் வேண்டும், வீடு, சாலை, வயல் சுற்றிலும் மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள், காடுகளைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள். வழிகாட்டி ஒரு மலையைக் காட்டி, சின்ன வயதில் அங்கே காளான் பறிக்கப் போவோம் என்றார், அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

முதல் நிறுத்தம் பக்கத்து ஊரான நமியேயில் உகெடோ தொடக்கப் பள்ளி. இந்த ஒரு இடத்துக்காகவே போகலாம். கடலுக்கு மிக அருகே இருந்த பள்ளி, சுனாமி வருவதற்குள் அன்று பள்ளியில் இருந்த 82 பிள்ளைகளையும் ஆசிரியர்கள் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஓஹிராயாமா குன்றுக்கு நடத்திக் கொண்டுபோய்க் காப்பாற்றிவிட்டார்கள். கட்டடத்தை இடிக்காமல் அப்படியே 2021லிருந்து திறந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஊரில் மற்றவர்களுக்கு நடந்தது வேறு. அன்று இரவு இடிபாட்டுக்குள்ளிருந்து குரல் கேட்டதாகத் தேடப் போன தீயணைப்பு வீரர்கள் சொல்லியிருக்கிறார்கள், விடிந்ததும் வருகிறோம் என்று திரும்பினார்கள், மார்ச் 12 விடியற்காலை உலையைச் சுற்றிப் 10 கிலோமீட்டருக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. தேடுதல் மறுபடி தொடங்க ஒரு மாதம் ஆயிற்று. உலை விபத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கில் இடிபாட்டுக்குள் கிடந்த இவர்கள் வருவதே இல்லை. அங்கே நின்றுகொண்டு இதைக் கேட்ட பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் எதுவும் பேச வரவில்லை.

வெளியேறியவர்கள் கதையும் அவர் சொன்னார். நமியே மக்கள் ஆயிரக்கணக்கில் வடமேற்கே சுஷிமா என்ற மலைப்பகுதிக்குப் போனார்கள், தூரம்தான் பாதுகாப்பு என்று நம்பி. கதிரியக்கப் புகையும் காற்றோடு அதே திசையில்தான் போனது. காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று கணித்துச் சொல்லும் அமைப்பு அரசாங்கத்திடம் இருந்தது, அதன் கணிப்பு அந்த நாட்களில் இந்த மக்களிடம் போய்ச் சேரவில்லை.

சரி, குறைக்கு வருகிறேன். அடுத்து ஃபுடாபாவில் இருக்கும் பேரிடர் நினைவுக் காட்சியகம், 2020 செப்டம்பரில் திறந்தது, பெரியவர்களுக்கு 600 யென், செவ்வாய் விடுமுறை. இதற்கு டூர் கம்பெனி ஒதுக்கியிருந்த நேரம் ஐம்பது நிமிடம்! சாப்பாட்டுக்கும் கடைக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். விபத்து ஏன் நடந்தது என்ற பகுதியை ஓடிக்கொண்டே பார்த்தேன், கூட வந்தவர்கள் பாதிப் பேர் அலை வந்ததால் வெடித்தது என்ற அளவிலேயே வேனுக்குத் திரும்பினார்கள். அது சரியில்லை, அதனால் நான் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன், போகிறவர்கள் முன்பே படித்துவிட்டுப் போங்கள்.

மார்ச் 11 மதியம் 2:46க்கு நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் தானாகவே நின்றன. ஆனால் நின்ற உலையும் சூடாகத்தான் இருக்கும், எரிபொருளுக்குள் கதிரியக்கப் பொருள்கள் சிதைவதால் வரும் வெப்பம் நாள்கணக்கில் வந்துகொண்டே இருக்கும், அதைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடியே தீர வேண்டும், தண்ணீரை ஓட்ட மின்சாரம் வேண்டும். நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் போயிற்று, டீசல் ஜெனரேட்டர்கள் ஓடின, ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி வந்து அவற்றையும் மூழ்கடித்தது, காரணம் பெரும்பாலானவை தரைக்குக் கீழே இருந்த தளத்தில் இருந்தன. ஆறாம் உலையின் காற்றில் குளிரும் ஜெனரேட்டர் ஒன்று மட்டும் தப்பியது, அந்த ஒன்றுதான் ஐந்தாம், ஆறாம் உலைகளைக் காப்பாற்றியது. மற்ற இடங்களில் ஊழியர்கள் கார் பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டுவந்து மீட்டர்களை உயிர்ப்பித்து அளவு பார்த்தார்கள். 1, 2, 3 உலைகளில் எரிபொருள் உருகியது, எரிபொருளை மூடியிருந்த சிர்க்கோனியம் என்ற உலோக உறை சூடேறி நீராவியோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயு உண்டானது, அந்த வாயுவால் 12ஆம் தேதி முதல் உலைக் கட்டடமும் 14ஆம் தேதி மூன்றாவதும் வெடித்தன.

இதெல்லாம் யாரும் எதிர்பாராததா என்றால் இல்லை. அந்த இடத்தில் கடலோர மேடு முதலில் சுமார் 35 மீட்டர் உயரம், ஆலை கட்டும்போது அதை 10 மீட்டருக்கு வெட்டி இறக்கினார்கள். 2008ல் ஆலையை நடத்திய டெப்கோ கம்பெனியின் உள் கணக்கே 15.7 மீட்டர் வரை சுனாமி வரலாம் என்று சொன்னது, மேலும் ஆராய வேண்டும் என்று தள்ளிப்போட்டார்கள். வடக்கே ஓனகாவா அணு மின் நிலையம் நிலநடுக்க மையத்துக்கு இன்னும் பக்கம், அதுவும் அலையில் அடிபட்டது, ஆனால் 14.8 மீட்டர் உயரத்தில் கட்டியிருந்ததால் தப்பியது, வீடிழந்த 300க்கும் மேற்பட்ட ஊர் மக்கள் அந்த வளாகத்திலேயே தங்கினார்கள். ஒரே கடல், ஒரே நாள். 2012ல் நாடாளுமன்ற விசாரணைக் குழு இது மனிதர்களால் வந்த விபத்து என்று எழுதியதில் எனக்கு மறுப்பே இல்லை.

காட்சியகத்தில் இன்னொன்றையும் தவறவிடாதீர்கள். அணுசக்தி ஒளிமயமான எதிர்காலத்தின் ஆற்றல் என்ற வாசகம் ஃபுடாபா தெருவின் குறுக்கே பெரிய பலகையாக நின்றது, ஊரின் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் 1980களில் போட்டிக்கு எழுதியது, 2015 கடைசியில் கழற்றினார்கள், அந்த வாசகத்தை இங்கே பார்க்கலாம். அப்புறம் எனக்கு உறுத்திய விஷயம்: அந்த ஆலையின் மின்சாரம் போனதெல்லாம் டோக்கியோ பகுதிக்கு. ஃபுகுஷிமா வீடுகளுக்கு மின்சாரம் தந்தது வேறு கம்பெனி. நான் குடியிருக்கும் ஊரின் விளக்குகளுக்காக இவர்கள் ஊரை விட்டார்கள், இதை வழிகாட்டி கோபமில்லாமல் சொன்னார், எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உலைக்குள் இந்த டூர் போகாது, தூரத்திலிருந்து கிரேன்கள் தெரியும், அவ்வளவே. உருகிக் கட்டியான எரிபொருள் சுமார் 880 டன் உள்ளே கிடப்பதாகக் கணக்கு, 2024ல் முதல் தடவையாக வெளியே எடுத்தது ஒரு கிராமுக்கும் குறைவு.

திரும்பும் வழியில் வேலி போட்ட நீண்ட நிலம் வருகிறது. சுரண்டி எடுத்த மண்ணையெல்லாம் குவித்து வைத்திருக்கும் இடைக்காலக் கிடங்கு அது. 2045க்குள் மண் முழுவதையும் ஃபுகுஷிமாவுக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வழிகாட்டியின் அப்பா கட்டிய வீடு அந்த வேலிக்குள்தான் இருந்தது. 2045ல் எனக்கு எண்பது தாண்டியிருக்கும் என்று அவர் சொல்லி, வேனை நிறுத்தாமல், கையை மட்டும் அந்தத் திசையில் காட்டினார்.

காசு கொடுத்துப் போகலாமா என்றால் போகலாம், அந்த மனிதரிடம் கேட்டதற்காகவே. முன்பதிவு செய்யும்போதே காட்சியகத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும் என்று கேளுங்கள், முடியாது என்றால் ரயிலில் தனியாக வாருங்கள், ஸ்டேஷனிலிருந்து காட்சியகத்துக்கு ஷட்டில் பஸ் இருக்கிறது. நான் அடுத்த தடவை அப்படித்தான் போகிறேன்.